டுரியான் எங்கே போனது? வாயால் கோப்பதும் கையால் கோப்பதும்

சிங்கப்பூர் யீஷூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு வகுப்பறை. வாரத்தில் நான்கு மாலை தமிழ் டியூஷன். போன ஜூன் விடுமுறையில் ஒரு நாள், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு சிறுமி பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தாள்.

"டீச்சர், நேத்து எங்க புளோக் லிஃப்ட் நின்னுடுச்சு டீச்சர்! உள்ள நானு, பாட்டி, அப்புறம் ஒரு அங்கிள். அவரு கையில டுரியான் டீச்சர், இவ்ளோ பெருசு! மணி அடிச்சா யாரும் வரல. பாட்டி மூக்க மூடிக்கிட்டு முருகா முருகாங்குறாங்க. அந்த அங்கிள் ஸாரி ஸாரின்னே சொல்லிட்டு இருந்தாரு. அவரு என்ன பண்ணுவாரு, லிஃப்ட்டுதான நின்னுச்சு!"

டுரியான் மூக்கைத் துளைக்கும் மணமுள்ள முள்பழம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதையே எழுதிக் கொடும்மா" என்று தாளை நீட்டினேன். இருபது நிமிடம் கழித்து வந்தது இது:

"நேற்று நான் என் பாட்டியுடன் மின்தூக்கியில் சென்றேன். திடீரென்று மின்தூக்கி பழுதடைந்தது. நாங்கள் மிகவும் பயந்தோம். சிறிது நேரத்தில் உதவி வந்தது. நாங்கள் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்."

பிழை ஒன்றுகூட இல்லை. டுரியானும் இல்லை. அந்த அங்கிள், பாட்டியின் மூக்கு, முருகன், யாருமே இல்லை.

"நல்லாப் பேசுறா, எழுதச் சொன்னாத்தான் மூணு வரியோட முடிச்சிடுறா" என்று பெற்றோர் குறைபட்டுக்கொள்வதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். சோம்பல் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: பேச்சைத் தாளில் பிடித்து வைத்தால் அது எழுத்து. அப்படி இல்லை. ஒரு விஷயத்தை வாயால் சொல்லிக்கொண்டே கோப்பது ஒரு வேலை, கையால் எழுதிக்கொண்டே கோப்பது வேறு வேலை. சைக்கிள் ஓட்டுபவருக்கு நீச்சலும் தானாக வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இங்கே மட்டும் எதிர்பார்க்கிறோம்.

எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் "உம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தூங்கிவிட்டோமா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த "உம்" கதையின் ஒரு பாகம். அது வந்த வேகத்தை வைத்துத்தான் அடுத்து பேயைக் கொண்டுவருவதா, ராஜகுமாரியைக் கொண்டுவருவதா என்று அவள் முடிவு செய்தாள். வாயால் கோக்கும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார். அவர் முகம் சுருங்கினால் விளக்குகிறோம், சிரித்தால் நீட்டுகிறோம், கைப்பேசியைப் பார்த்தால் முடித்துக்கொள்கிறோம். அந்தச் சிறுமிக்கு டுரியானைச் சொல்லத் தூண்டியதில் என் முகத்துக்கும் பங்கு உண்டு. தாளுக்கு முகம் கிடையாது. எழுதுபவர் தனக்குத் தானே உம் கொட்டிக்கொள்ள வேண்டும். பத்து வயதில் அது லேசான காரியம் அல்ல; ஐம்பதிலும் அல்ல.

இது முதல் வேறுபாடு. அடுத்தது மண்டைக்குள் நடப்பது.

நாம் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது தேவையான தகவல்களைச் சில நொடிகள் கையில் வைத்திருக்கும் ஒரு சிறிய இடம் மூளையில் இருக்கிறது. உளவியலில் இதைச் செயல்படு நினைவு என்கிறார்கள். ஆலன் பாட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த மாதிரியால் இது பரவலாக அறியப்பட்டது. காப்பிக்கடை மேசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: நாலு கோப்பை வைத்தால் நிறைந்துவிடும், ஐந்தாவது வந்தால் ஒன்று கீழே விழும். பேசும்போது உதடும் நாக்கும் தாமாக ஓடுகின்றன, மேசையில் இடம் கேட்பதில்லை. எழுதும்போது, அதுவும் எழுதப் பழகும் வயதில், ஒவ்வோர் எழுத்தும் இடம் கேட்கிறது. "பழுதடைந்தது" என்பதில் எந்த ழ? "திரும்பினோம்" சின்ன ர-வா, பெரிய ற-வா? ன, ண, ந மூன்றில் எது? அன்றாடப் பேச்சில் பெரும்பாலோர் காட்டாத வேறுபாடுகளையெல்லாம் கை காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மேசையிலிருந்து கீழே விழுந்ததுதான் டுரியான்.

நான் ஊகிக்கவில்லை, அவளிடமே கேட்டேன். "டுரியானா டூரியானான்னு தெரியல டீச்சர். அதான் விட்டுட்டேன்" என்றாள். மூன்று கிலோ பழம் ஒரு சுழிக்காகக் காணாமல் போயிருக்கிறது.

வேகமும் ஒரு காரணம்தான், ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல. சமையலறை டைமரை வைத்து என்னையே சோதித்துப் பார்த்தேன். முந்தைய நாள் நடந்ததை வாயால் சொன்னபோது நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல்லுக்கு மேல் வந்தது. அதே பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கையால் பிரதி எடுத்தால் பதினான்கு. புதிதாக யோசித்து எழுதினால் ஆறு! வாய் கையைவிட ஆறேழு மடங்கு வேகம் என்றால், ஒரு கட்டுரையை வாயால் சொல்லி முடிக்க ஆறில் ஒரு பங்கு நேரம்தானே ஆக வேண்டும்? ஆகாது. 1970களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஜான் கோல்ட், ஆட்களைக் கடிதங்களை வாயால் சொல்லவும் கையால் எழுதவும் வைத்து நேரம் பார்த்தார். எந்த முறையானாலும் மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திட்டமிடுவதற்கே போயிற்று. சொல்வது வேகம்தான், ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேக வித்தியாசத்தின் அளவுக்கு வேகம் கிடைக்கவில்லை. ஏனென்றால் மெதுவாக ஓடுவது கையல்ல, யோசனை.

வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை எல்லாருக்கும் தெரியும். நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று இவர் நிபந்தனை போட, பொருள் புரிந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்று அவர் எதிர் நிபந்தனை போட்டாராம். தந்தம் ஒடிந்த கதையைத்தான் நாம் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது அந்த எதிர் நிபந்தனைதான். அவ்வப்போது ஒரு கடினமான சுலோகத்தைப் போட்டுவிட்டு, பிள்ளையார் பொருள் யோசிக்கும் நேரத்தில் வியாசர் அடுத்தவற்றை யோசித்துக்கொண்டாராம். வாயால் கோப்பவருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும் என்பது அந்தக் கதையைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் பேசிப் பதிவு செய்து, அதை அப்படியே எழுதிவிட்டால் போதுமே? அதையும் செய்து பார்த்தோம். மறுவாரம் அவளை மறுபடி சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுதவைத்தேன். அவளே படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்புறம்" பதினொரு முறை. "அவரு வந்து, அவருன்னா அந்த அங்கிள்" என்று திரும்பத் திரும்ப. காதுக்கு இனித்தது கண்ணுக்குக் கசந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் "இவ்ளோ பெருசு". பேசும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தாளில் கை இல்லை. "இவ்வளவு பெரியது" என்று எழுதினால் எவ்வளவு? அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். சுட்டினால் பார்ப்பதற்கு ஓர் ஆள், ஒரு பொருள், ஓர் இடம் வேண்டும். பேச்சில் மூன்றும் கூடவே இருக்கும். எழுத்தில் ஒன்றும் இருக்காது, எல்லாவற்றையும் சொல்லால் உண்டாக்க வேண்டும். "நீ கையை விரிக்காம எவ்வளவு பெருசுன்னு சொல்லு" என்றேன். வெகுநேரம் யோசித்தாள். பென்சிலைக் கடித்தாள். கடைசியில் எழுதினாள்: "அதை என் பள்ளிப் பையில் வைத்தால் என் புத்தகங்களுக்கு இடம் இருக்காது." இது பேச்சில் வரவே வராத வாக்கியம். பேச்சில் அவளுக்கு இது தேவைப்பட்டிருக்காது. கையால் கோக்கும்போது மட்டுமே பிறக்கும் வகை இது.

வாக்கியத்தின் கட்டுமானமும் மாறுகிறது. தமிழில் வினை கடைசியில் வரும். எழுதுபவர் அதைப் பயன்படுத்தி எச்சங்களாக அடுக்கலாம்: "சந்தைக்குப் போய்விட்டுப் பாட்டியுடன் திரும்பிய நான் ஏறிய மின்தூக்கி ஏழாவது மாடியைத் தாண்டியதும் நின்றது." இப்படிப் பேசினால் கேட்பவர் பாதியில் தொலைந்துபோவார், பேசுபவரே தொலைந்துபோவார். பேச்சில் சின்னச் சின்னதாக முடித்துக்கொண்டு போகிறோம். விட்டுப்போனதை வினைக்குப் பின்னால் ஒட்டவைக்கிறோம்: "ஏறுனாரு, அந்த அங்கிள், டுரியானோட." ஏறியாயிற்று, யார், எதனோடு என்பது பின்னால் ஓடி வருகிறது. பேச்சில் அழிப்பான் கிடையாது, ஒட்டுப் போடத்தான் முடியும். எழுத்தில் ஒட்டு தெரியாமல் மறுபடி தைக்கலாம்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் ஓரளவு பொருந்தும். தமிழருக்கு இன்னொரு சுமை கூடுதலாக இருக்கிறது: பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அந்த இடைவெளி இன்னும் அகலம். வாயில் "லிஃப்ட்", கையில் "மின்தூக்கி". வாயில் "எம்ஆர்டி", கையில் "பெருவிரைவு ரயில்". "வந்துகொண்டிருக்கிறேன்" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் நாடகம் போடுகிறாயா என்று கேட்பார்கள். ஆக, அவள் பேசியதை எழுதவில்லை, மொழிபெயர்த்தாள். 2005இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. வாய்மொழித் தேர்வின் உரையாடலில் பேச்சுத்தமிழ், கட்டுரைத் தாளில் எழுத்துத்தமிழ். இது நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாலத்தை நாம் போதுமான அளவு சொல்லிக்கொடுப்பதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

அந்தப் பாலத்தில் நாள் முழுக்க நின்றவர் என் தாத்தா. செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தார். 1971இல் ஆங்கிலேயர் கிளம்பும்வரை அங்கேதான். எழுதத் தெரியாத தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். அவர்கள் சொல்ல, இவர் எழுத வேண்டும். "மாடு கன்னு போட்டுச்சான்னு கேளுங்க கிராணி" என்று ஒருவர் சொன்னதை, "பசு கன்று ஈன்ற விவரம் அறிய ஆவல்" என்று எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாராம். கேட்டவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்ட மாதிரி இல்லையே" என்றாராம். அப்பா இதைச் சிரிப்புக்காகச் சொல்வார். அந்தத் தொழிலாளியின் கேள்வியைவிடச் சரியாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பழைய புலவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் வாயாலேயே கோத்தார்கள். கேட்ட மாத்திரத்தில் பாடுபவரை ஆசுகவி என்றோம். காளமேகத்தின் பெயர் இன்றும் அதற்குத்தான் அடையாளம். திரும்பிப் பார்க்கத் தாள் இல்லாதவருக்குக் கொக்கி வேண்டும். எதுகையும் மோனையும் காதுக்கு அழகு மட்டுமல்ல, அடுத்த அடியைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள். ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியில் நூறு பாட்டையும் ஒரே சரடில் கோத்துவிடலாம், வரிசை குலையாது. சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பார்த்துவிட்டு, அவை வாய்மொழி மரபில் வந்தவை என்று இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில் வாதிட்டார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாதத்துக்குள் இப்போது போக வேண்டாம்.

எனக்கு ஆச்சரியம் தந்தது ஓலைச்சுவடிதான். ஓலையில் எழுதுவதும் "கையால் எழுதுவது"தானே என்று நினைப்போம். ஆனால் எழுத்தாணியால் கீறியதை அழிப்பது சுலபமல்ல. அதனால் பாட்டு மனத்தில் முழுதாக உருவான பிறகுதான் ஓலைக்கு வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இருப்பவர் ஏட்டில் எழுதியதை அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். அங்கே கோத்தது வாய், கை வெறும் பதிவுக் கருவி. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விட மாட்டார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பொருள் பிரியும். நாம் இன்று "எழுதுவது" என்று சொல்கிறோமே, அடித்து, அழித்து, அம்புக்குறி போட்டு மேலே செருகி எழுதுவது, அது மலிவான தாளும் பென்சிலும் அழிப்பானும் வந்த பிறகு பரவிய பழக்கம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கைப்பேசி நம்மைத் திரும்ப ஓலைக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. குரல் உள்ளீட்டில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்தியா, இலங்கை, மலேசியா என்று வரும் பட்டியலில் "தமிழ் (சிங்கப்பூர்)" என்றும் பார்க்கலாம். முதன்முதலில் பார்த்தபோது ஒரு சின்னப் பெருமை. பேசிப் பார்த்தேன். என் கைப்பேசியில் சொற்கள் வந்து விழுந்தன, ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல். அதை நானே வாய்விட்டுப் படித்துத்தான் எங்கே வாக்கியம் முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது! அப்புறம் இன்னொன்று: கருவியிடம் பேசும்போது நான் என்னையறியாமல் செய்தி வாசிப்பவர் போல் பேசினேன். "சென்றேன்", "கூறினார்" என்றெல்லாம் வந்தது. அது பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. எதிரில் உம் கொட்ட ஆளும் இல்லை, திரும்பிப் பார்க்க அமைதியும் இல்லை. இரண்டின் சிரமமும் ஒருசேர வாய்த்தது. பழகினால் சரியாகும் என்கிறார்கள். கோல்ட் சோதித்தவர்களும் சொல்லி எழுதவைக்கப் பழகிக்கொண்டவர்கள்தானே.

வாய்க்கே விட்டுவிட வேண்டியவையும் உண்டு. ஞாயிறு மாலை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நடந்து பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளியில் ஊழியர்கள் கைப்பேசியை வாய்க்கு நேராக, ரொட்டித் துண்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஊருக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள். "ம்... சாப்ட்டியா? நான் சாப்ட்டேன்" என்ற இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒரு பெருமூச்சு இருக்கும். கிராணி எழுதியிருந்தால் அது "நலம், நலமறிய ஆவல்" ஆகியிருக்கும். தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து மக்களின் நினைவுகளைக் குரலாகவே சேர்த்து வருவதற்கும் இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பேச்சின் எழுத்துப் பிரதியைப் படிப்பதும் ஒலிப்பதிவைக் கேட்பதும் ஒன்றல்ல. ஒருவர் எங்கே தயங்கினார் என்பது பிரதியில் அவ்வளவாகத் தெரியாது.

நீங்களே வித்தியாசத்தைப் பார்க்க விரும்பினால் ஒரு மாலை போதும். நேற்று நடந்த ஒரு சின்ன விஷயத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்காமல் அதையே தாளில் எழுதுங்கள். பிறகு பதிவைக் கேட்டுக்கொண்டே, பேச்சில் இருந்து தாளில் விழாமல் போனவற்றை ஓரத்தில் குறியுங்கள். தாளில் மட்டும் இருப்பவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள். மூன்றாவது வரைவை அந்த ஓரக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சலுகை: முதல் வரைவில் எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது. டுரியான், டூரியான், எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பழம் தாளுக்குள் வந்தால் போதும். சுழியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

என் மாணவியின் நாலாவது வரைவு ஒன்றரைப் பக்கம் வந்தது. அங்கிள் "மாமா" ஆகியிருந்தார். முருகன் திரும்பி வந்திருந்தார், மூக்கும் வந்திருந்தது. கடைசி வரியை மட்டும் அவள் மாற்றவில்லை: "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்." சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டே, "சரி, கதவு திறந்ததும் உண்மையிலேயே என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்த அங்கிள் எங்க வீட்டுக்கு வந்து டுரியானை வெட்டிக் குடுத்தாரு டீச்சர். பாட்டிதான் நிறைய சாப்ட்டாங்க."

"இதை நீ சொல்லவும் இல்ல, எழுதவும் இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."